எட்டு, முப்பத்தைந்து: ஒரு மோடம் வந்த வழி

போன மாதம் எங்கள் தெருவிலும் கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது. இணைப்புக் கொடுக்க வந்த பையனுக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். வேலையெல்லாம் அரை மணியில் முடித்துவிட்டான். கிளம்பும்போது சுவரோரம் ஓடிய பழைய டெலிபோன் கம்பியைக் காட்டி, "இது இனிமே வேஸ்ட்டு சார், கத்தரிச்சிடட்டுமா?" என்றான். "இருக்கட்டும் தம்பி, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போனதும் அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்தேன்.

முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எதையும் எழுதி வைக்காமல் இருக்க முடியாது. கேஸ் சிலிண்டர் வந்த தேதி, தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, மின்சார மீட்டர் கணக்கு எல்லாம் அதில் உண்டு. 2006 நவம்பர் மாதப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: "8/35 தவறு. 0/35 சரி." கீழே இரண்டு கோடு. இந்த ஒரு வரிக்குப் பின்னால் பிரான்சும் அமெரிக்காவும் என் அக்காவும் இருக்கிறார்கள். அதைத்தான் இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். 1954 நவம்பர் 1 அன்று பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது நான் குழந்தை. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. ஆனால் பள்ளி மட்டும் பழையபடியே ஓடியது. கூட்டல், பெருக்கல், புவியியல் எல்லாம் பிரெஞ்சில்தான். அரசு வேலையில் சேர்ந்த முதல் நாள் ஆங்கிலக் கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். திருதிருவென்று விழித்தேன். அகராதியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். பிறந்த பதிவேடோ பழைய பத்திரமோ பிரெஞ்சில் இருந்தால் மட்டும் என்னைத் தேடி வருவார்கள். மற்றபடி நான் படித்த மொழி அலுவலகத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. அது மீண்டும் ஒரு நாள் உதவும் என்று, அதுவும் ஒரு மோடத்தின் கையேட்டைப் படிக்க உதவும் என்று, நான் கனவிலும் நினைக்கவில்லை.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா அடிக்கடி படுத்துக்கொள்வாள், ஆகவே என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பியது எல்லாம் அக்காதான். அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். ஒப்பந்தம் அமலுக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தார். 1966இல் இருவரும் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்கள். பிறகு பாரீசுக்கு வடக்கே சார்செல்லில் குடியேறினார்கள். அங்கே நம்மூர்க்காரர்கள் நிறைய உண்டு.

1989இல் ஒரே ஒரு முறை நான் அங்கே போனேன். அக்கா வீட்டில் டெலிபோன் பக்கத்தில் சின்னத் திரையும் விசைப்பலகையும் வைத்த ஒரு பழுப்புப் பெட்டி இருந்தது. அதுதான் மினிடெல். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரியாது. இன்டர்நெட் வீடுகளுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே பிரெஞ்சு அரசின் தபால் தந்தித் துறை டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்கு வீடு தகவல் கொடுத்தது. 1980இல் சேன் மாலோ ஊரில் சோதித்தார்கள், அடுத்த சில வருடங்களில் நாடு முழுக்கப் பரப்பினார்கள். அச்சடித்த டெலிபோன் புத்தகத்துக்குப் பதிலாகப் பெட்டியையே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். 11 என்று சுழற்றினால் டெலிபோன் எண்களைத் தேடலாம். முதல் மூன்று நிமிடத்துக்குக் காசு கிடையாது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தேடுவாள். மூன்றாவது நிமிடம் முடியும் முன் பட்டென்று துண்டித்துவிட்டு மறுபடி சுழற்றுவாள். அரசாங்கத்தை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரியும்.

மினிடெல்லில் ஒரு விசேஷம் உண்டு. அப்போது அது எனக்குத் தெரியாது. தகவல் வீட்டுக்கு வரும் வேகம் விநாடிக்கு 1,200 பிட். வீட்டிலிருந்து போகும் வேகம் வெறும் 75 பிட். வீட்டில் இருப்பவர் இரண்டு விரலால் தட்டச்சு செய்யப்போகிறார், அதற்கு 75 போதும் என்ற கணக்கு. வருவது அதிகம், போவது குறைவு. பின்னால் வந்த ஏ.டி.எஸ்.எல். என்பதில் உள்ள முதல் எழுத்து சொல்வதும் அதே சமமின்மையைத்தான்.

டெலிபோன் கம்பி என்பது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு செம்புக் கம்பிகள். முறுக்கினால் இரைச்சல் குறையும் என்று கண்டு 1881இல் கிரஹாம் பெல்லே அதற்குக் காப்புரிமை வாங்கினார். மனிதர் பேசுவது புரிய விநாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரை கடத்தினால் போதும். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் அந்தச் சின்ன இடத்தை வைத்துக்கொண்டே பேசியது. கம்பி அதற்கு மேலும் சுமக்கும். எக்ஸ்சேஞ்ச் சில கிலோமீட்டருக்குள் இருந்தால் பத்து லட்சம் அதிர்வுக்கு மேல்கூடப் போகும். பெரிய வீட்டைக் கட்டிவிட்டு திண்ணையில் மட்டும் குடியிருந்த கதை.

அந்த உள்வீட்டைத் திறந்தவர்களில் ஒருவர் ஜோசப் லெக்லைடர். அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனிகளின் பொது ஆராய்ச்சி நிலையமான பெல்கோரில் இருந்தவர். 1980களின் இறுதியில் அவர் ஒரு கணக்குப் போட்டார். நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள் ஒரே கேபிளில் நெருக்கியடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போகின்றன. அந்த முனையில் வெளியே கிளம்பும் சமிக்ஞை பலமாக இருக்கும். வீடுகளிலிருந்து வந்து சேர்வது களைத்துப்போய் இருக்கும். பலமானது பக்கத்துக் கம்பியில் கசிந்தால் பலவீனமானது அமுங்கிவிடும். சந்தைக்கடையில் ஒருவர் காதில் ஒருவர் கத்துவது போலத்தான். இரண்டு திசைக்கும் ஒரே வேகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், வீட்டுக்கு வருவதை அகலமாகவும் வீட்டிலிருந்து போவதைக் குறுகலாகவும் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும், மொத்த வேகமும் கூடும் என்று அவர் காட்டினார். அப்படிப் பிறந்ததுதான் ஏ.டி.எஸ்.எல்.

அன்றைக்குக் கம்பெனிகளின் மனதில் இன்டர்நெட் இல்லை, சினிமாதான் இருந்தது. கேபிள் டி.வி.க்காரர்களோடு போட்டி போட, கேட்ட படத்தை டெலிபோன் கம்பி வழியாக அனுப்பலாம் என்று நினைத்தார்கள். படம் வரும், "அந்தப் படத்தைப் போடு" என்ற கட்டளை மட்டும் போகும். அந்த வியாபாரம் எடுபடவில்லை. இதற்குள் இணையப் பக்கங்கள் வந்தன. அவற்றுக்கும் வருவது அதிகம், போவது குறைவு என்ற அளவு பொருந்திப்போனது. சினிமாவுக்குத் தைத்த சட்டை இன்டர்நெட்டுக்குச் சரியாக இருந்தது.

அந்த அகலத்தில் எப்படித் தகவலை ஏற்றுவது என்பதில் பெரிய போட்டி. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சியோஃபி, 1,104 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தை 256 சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் 4.3125 கிலோஹெர்ட்ஸ். எந்தப் பாதையில் இரைச்சல் அதிகமோ அதில் குறைவாக ஏற்று, நல்ல பாதையில் அதிகமாக ஏற்று, கெட்டுப்போன பாதையை விட்டுவிடு என்பது அவர் வழி. 1993இல் பெல்கோர் நடத்திய சோதனையில் பெரிய கம்பெனிகளின் கருவிகளை அவருடைய சின்னக் கம்பெனி அமாட்டி தோற்கடித்தது. மோடத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் விளக்கு அரை நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருக்கிறதே, அப்போது அது சும்மா இல்லை. எக்ஸ்சேஞ்சோடு பேசி ஒவ்வொரு பாதையாக அளந்துகொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சிமிட்டலைப் பார்த்து நான் எரிச்சல்படுவதில்லை.

இனி அந்த 35க்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் பிரெத்தாஞ் பகுதியில் லானியோன் என்று ஒரு சின்ன ஊர். டெலிபோன் துறையின் ஆராய்ச்சிக்கூடம் அங்கே இருந்தது. 1980களில் ழான்-பியேர் குத்ரேஸ் என்பவரும் அவர் சகாக்களும், பேச்சு, படம், கணிப்பொறித் தகவல் எல்லாவற்றையும் ஒரே அளவுள்ள சின்னப் பொட்டலங்களாக நறுக்கி ஒரே கம்பியில் கலந்து அனுப்பலாம் என்று செய்து பார்த்தார்கள். அமெரிக்காவிலும் இதே எண்ணம் இருந்தது. சரி, பொட்டலம் எவ்வளவு பெரியது? அமெரிக்கர்கள் 64 பைட் என்றார்கள். பிரான்ஸ் முதலான ஐரோப்பிய நாடுகள் 32 என்றன. காரணம் வேடிக்கையானது. பேச்சை வைத்து 64 பைட் பொட்டலத்தை நிரப்ப 8 மில்லிவிநாடி ஆகும், 32 என்றால் 4 போதும். தாமதம் கூடினால் பேசுபவருக்குத் தன் குரலே எதிரொலிக்கும், அதை அடக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். அமெரிக்கா பெரிய நாடு, அந்தக் கருவிகளை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. பிரான்ஸ் சின்ன நாடு, 32 என்றால் கருவியே வாங்காமல் தப்பித்துவிடலாம். கடைசியில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 48 என்று முடித்தார்கள். மேலே முகவரிக்கு 5. மொத்தம் 53. யாருக்கும் திருப்தியில்லை. அரசாங்கக் கமிட்டிகளில் மினிட்ஸ் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அந்த 5 பைட் முகவரியில்தான் இரண்டு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று வி.பி.ஐ., இன்னொன்று வி.சி.ஐ. தெருவும் கதவு எண்ணும் என்று வைத்துக்கொள்ளலாம். கதவு எண்ணில் 0 முதல் 31 வரை கம்பியின் சொந்த நிர்வாகத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு 32 முதல்தான். அதனால்தான் 35 போன்ற எண் பல நாடுகளில் வருகிறது. தெரு எண் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் 8, நம் நாட்டில் 0.

நம் நாட்டில் இது வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. அது மோடம் கீச்சிடும் காலம், இன்டர்நெட்டில் இருந்தால் டெலிபோன் வேலை செய்யாது. 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்து, விநாடிக்கு 256 கிலோபிட்டும் அதற்கு மேலும் இருந்தால் பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் ஏ.டி.எஸ்.எல். சேவையைத் தொடங்கியது. அப்போது நாட்டில் நாலு கோடிக்கு மேல் டெலிபோன் கம்பிகள் இருந்தன. தெருவைத் தோண்டாமல் இருக்கும் கம்பியையே பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. 2010க்குள் 2 கோடி இணைப்பு என்று கொள்கையில் எழுதினார்கள். எட்டியது ஏறத்தாழ பாதி. ஒரு டெலிபோனுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அந்தப் பாதியே அதிசயம்தான்.

2006 அக்டோபரில் அக்காவுக்கு இதயத்தில் வால்வு சரியில்லை என்று தெரிந்தது. நவம்பர் 27, திங்கள்கிழமை ஆபரேஷன் என்று குறித்தார்கள். அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது 1999இல், அவள் ஊருக்கு வந்தபோது. நான் போகலாம் என்றால் பாஸ்போர்ட் காலாவதி. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனும் முடியவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அக்கா மகன் வேலை விஷயமாகச் சென்னைக்கு வந்தவன், இரண்டு நாள் இங்கேயும் வந்து தங்கினான். அவர்கள் வீட்டில் மாதம் 29.99 யூரோவுக்கு இன்டர்நெட், டெலிபோன், டி.வி. எல்லாம் கொடுக்கும் புதுப் பெட்டி வந்திருந்தது. ஆகவே பழைய மோடம் ரவுட்டரை எனக்குக் கொண்டுவந்திருந்தான். கூடவே ஒரு வெப் கேமரா. "மாமா, லைன் வந்ததும் இதைச் சொருகுங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. ஸ்கைப்ல பேசலாம்" என்றான். நான் பிராட்பேண்டுக்கு ஏற்கெனவே விண்ணப்பம் கொடுத்திருந்தேன். ஆனால் லைன் வருவதற்குள் அவன் விமானம் ஏறிவிட்டான்.

லைன் நவம்பர் 22 அன்று வந்தது. லைன்மேன் ஒரு ஸ்ப்ளிட்டரும், எண்களெல்லாம் எழுதிய ஒரு சீட்டும் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்.

முதல் தடங்கல், கம்பியின் முனையே சுவரில் நுழையவில்லை. பிரான்சில் டெலிபோன் பிளக் பெரியதாக வேறு வடிவத்தில் இருக்கும், நம் ஊரில் சின்னக் கண்ணாடி போன்ற பிளக். நேரு வீதியில் ஒரு கடையில் பன்னிரண்டு ரூபாய்க்குக் கம்பி வாங்கி வந்தேன். பிறகு கையேட்டைத் திறந்தேன். முழுக்கப் பிரெஞ்சு. வீட்டில் இருந்தவர்களுக்கு அது தலைவலி, எனக்கு அது பழைய பள்ளிக்கூடம். கேட்வே என்று ஆங்கிலத்தில் சொல்வதை அவர்கள் "பாஸ்ரெல்" என்கிறார்கள். வாய்க்காலின் மேல் போடும் நடைபாலத்துக்கு அதுதான் பெயர். வாயிலைவிடப் பாலம் எனக்குப் பொருத்தமாகப் பட்டது. பாஸ்வேர்டுக்கு "மோ த பாஸ்". அப்பா சைகோனில் சிப்பாயாகக் காவல் நின்ற கதையைச் சொல்லும்போது, இருட்டில் வருபவனிடம் மோ த பாஸ் கேட்பார்களாம், சொல்லாவிட்டால் துப்பாக்கிதான். அதே சொல்லை ஒரு பிளாஸ்டிக் பெட்டி என்னிடம் கேட்டது.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் உள்பக்கம் திறந்தது. இந்த எண்ணும் ஒரு ஆணையால் வந்ததுதான். 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம், சில முகவரிகளை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது என்று ஒதுக்கியது. நம் அரசாணை எண் போல இவர்களுக்கு ஆர்.எஃப்.சி. எண். அடுத்து இணைப்பு முறை. எப்போதும் இணைந்தே இருக்கும் கம்பியில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எதற்கு என்று எனக்குச் சந்தேகம். கம்பெனிகளுக்கு யார் வந்தார், எவ்வளவு செலவழித்தார் என்று கணக்கு வேண்டும். அதற்கு மோடம் கீச்சிட்ட காலத்துப் பழைய முறையையே புதுக் கம்பியின் மேல் போர்த்திவிட்டார்கள். ஆர்.எஃப்.சி. 2516, 1999 பிப்ரவரி. போனே போடாமல் போன் போடுவது போல ஒரு நாடகம்.

சீட்டில் இருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டேன். அதிலேயே "வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35" என்றும் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கையில் 0 என்று போட்டால் "இல்லை" என்று பொருள். இந்தக் கட்டம் நமக்குப் பொருந்தாது போலும், அதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்து, பிரான்சிலிருந்து வந்த 8ஐ அப்படியே விட்டுவிட்டேன்.

ஏ.டி.எஸ்.எல். விளக்கு நன்றாக நின்று எரிந்தது. இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை. வியாழன் முழுக்கப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டை இருபது முறையாவது மாற்றி அடித்திருப்பேன். வெளியே ஐப்பசி முடிந்தும் விடாத மழை. இரவு பதினொரு மணிக்குக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், நாட்டுக்கு நாடு இந்த எண் மாறும், உங்கள் சேவையாளர் கொடுத்ததைச் சரியாக இடவும் என்று ஒரு வரி பிரெஞ்சில் இருந்தது. ஒருவேளை 0 என்பதும் ஒரு எண்தானோ என்று அப்போதுதான் உறைத்தது. கடிதம் சரியான தெருவுக்குப் போகாமல் இரண்டு நாளாக எட்டாம் தெருவில் அலைந்துகொண்டிருந்தது. 8ஐ அழித்து 0 போட்டேன். பத்து விநாடியில் விளக்கு எரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன். "சரி, இப்ப லைட்டை அணைச்சிட்டுப் படுங்க" என்றாள்.

சனிக்கிழமை இன்னொரு வினை. கால் மணிக்கு ஒருமுறை லைன் அறுந்து அறுந்து வந்தது. மழையால்தான் என்று நினைத்து லைன்மேனைக் கூப்பிட்டேன். அவர் மழையில் நனைந்துகொண்டே வந்தார். கம்பத்திலுள்ள டி.பி. பெட்டியைத் திறந்து பார்த்தார், ஜாயிண்டைத் துடைத்து மறுபடி முறுக்கினார். பிறகு வீட்டுக்குள் வந்து, "சார், இந்த ரூம்ல ஒரு போன் இருக்குதே, அது எங்கேருந்து வருது?" என்றார். படுக்கையறைக்கு நானே இழுத்த எக்ஸ்டென்ஷன் அது, ஸ்ப்ளிட்டருக்கு முன்பே கம்பியில் ஒட்டவைத்தது. பேச்சையும் தகவலையும் பிரிப்பது ஸ்ப்ளிட்டரின் வேலை. அதைத் தாண்டாமல் ஒரு போன் நேராகக் கம்பியில் தொங்கினால் தகவலின் அதிர்வுகள் போனுக்குள் புகும், போனின் இரைச்சல் தகவலுக்குள் புகும். போன் அடித்தாலே லைன் விழும். அவர் அந்தக் கம்பியைக் கழற்றி ஸ்ப்ளிட்டரின் போன் பக்கத்தில் மாட்டினார். மோடத்தின் பக்கத்தில் இரைச்சல் இடைவெளி 5 டெசிபெல்லிலிருந்து 14க்கு ஏறியது. 6க்குக் கீழே போனால் லைன் நிற்காது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். காபி குடித்தார், பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு, நவம்பர் 26, மாலை நாலு மணி. அங்கே காலை பதினொன்றரை. அக்கா திரையில் வந்தாள். நீலச் சால்வை போர்த்தி, நெற்றியில் விபூதியோடு. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாள். "எங்கடா இருக்கே? கட்டம் கட்டமா என்னமோ தெரியுது" என்றாள்.

என் லைனில் வரும் வேகம் 256, போகும் வேகம் 128. வீட்டில் இருப்பவர் படம் பார்ப்பார், படம் அனுப்பமாட்டார் என்று போட்ட கணக்கு. அன்றைக்கு நான் அனுப்ப வேண்டியிருந்தது. கேமராவை நகர்த்தினேன், விளக்கைப் போட்டேன், எழுந்து ஜன்னலைத் திறந்தேன். நகர நகரக் கட்டங்கள் கூடின. அங்கே அக்கா மகன் சிரித்துக்கொண்டே, "மாமா, ஆடாதீங்க! மாறினதை மட்டும்தான் அது அனுப்பும்" என்றான். அதாவது முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கம்பியில் போகும். அசையாமல் இருந்தால் வித்தியாசம் குறையும், கொஞ்சம் கொஞ்சமாகப் படம் தெளியும்.

அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது தலைவார உட்காரவைத்துச் சொல்வாளே, அதே குரலில், "தம்பி, ஆடாம உக்காரு" என்றாள். கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்காருவது போல மூச்சைக்கூடக் குறைத்து உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். "தெரியுது. இப்ப தெரியுது" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "தலையெல்லாம் வெளுத்துப்போச்சேடா. அப்பா மாதிரியே இருக்கே" என்றாள்.

நாற்பது நிமிடம் பேசினோம். பேசினோம் என்றால், அவள் பேசினாள். வாயைத் திறந்தால் கட்டம் வந்துவிடும் என்று நான் பெரும்பாலும் தலையை ஆட்டாமலே "ம்" சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா மகன் போன் செய்து, நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டாள் என்றான். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் பேசுவது வழக்கமானது. வருடம் ஏற ஏற வேகமும் ஏறியது. ஆனால் கேமரா முன் ஆடாமல் உட்காருவது எனக்குப் பழகிவிட்டது. 2012 ஜூன் 30 அன்று மினிடெல் சேவையை நிறுத்தினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைத்தான் முதலில் சொன்னாள், ஏதோ சொந்தக்காரர் போய்விட்டது போல. அவள் போனது அடுத்த வருடம் மாசியில்.

நோட்டில் 2006 நவம்பர் 26க்கு நேராக "40 நிமிடம், சுமார் 110 எம்.பி." என்று எழுதியிருக்கிறேன். மாதத்துக்கு 1 ஜி.பி.தான் கணக்கு, மீறினால் தனிக் கட்டணம். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் எவ்வளவு ஆனது என்று குறித்து வைத்திருக்கிறேன். 2008இல் திட்டத்தை மாற்றிய பிறகு அந்தக் கணக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் 2013 வரை எழுதியிருக்கிறேன்.